பூச்சாண்டி எந்த வாசல் வழியாக வருகிறான்?

கேள்வி இதுதான்: வேற்றுக்கிரகவாசிகள் பூமியின் மீது படையெடுத்து வரும் படங்கள் அந்தந்தக் காலத்து மக்களின் பயத்தைக் காட்டுகின்றன என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது உண்மையா, அல்லது படம் வெளிவந்து இருபது வருடம் கழித்து விமர்சகர்கள் உட்கார்ந்து ஏற்றிச் சொல்வதா?

இரண்டுமே நடக்கிறது. எது எங்கே நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. அதைச் சொல்ல எங்கள் வீட்டுப் பூச்சாண்டியிடமிருந்து தொடங்க வேண்டும்.

சோறு ஊட்டும்போது என் பாட்டி காட்டிய பூச்சாண்டிக்கு நிலையான முகம் கிடையாது. ஒரு நாள் தாடி இருக்கும், மறுநாள் தோளில் கோணிப்பை இருக்கும், இன்னொரு நாள் ஒற்றைக் கண். ஆனால் அவன் வரும் வழி மட்டும் ஒருநாளும் மாறியதில்லை: கொல்லைப்புறக் கதவு. அந்தக் கதவின் தாழ்ப்பாள் பல வருடங்களாகச் சரியாக விழுந்ததில்லை என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. தன் பயத்தைத்தான் பாட்டி எனக்கு உருண்டை பிடித்து ஊட்டியிருக்கிறாள்.

இந்தப் படங்களிலும் ஜந்துவின் உருவத்தை ஆராய்ந்து பெரிய பயனில்லை. மூன்று கால், பச்சைத் தோல், வழவழப்பு எல்லாம் பெரும்பாலும் அந்தந்த ஸ்டூடியோவின் பட்ஜெட்டைத்தான் காட்டும். அது எந்த வழியாக உள்ளே வருகிறது, வந்து என்ன கேட்கிறது என்று பாருங்கள். அங்கே தாழ்ப்பாள் விழாத கதவு தென்படும்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் மூலவர் என்று சொல்லத்தக்க எச். ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1897இல் பத்திரிகைத் தொடராகவும் 1898இல் நூலாகவும் வந்தது. அதற்கு வெகு முன்பே பிரிட்டனில் படையெடுப்புக் கதைகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. ஜெர்மன் அரசான பிரஷ்யா பிரான்ஸைத் தோற்கடித்த சூட்டோடு, 1871இல், ஜெர்மன் பேசும் படையொன்று சர்ரே பகுதியில் ஆங்கிலேயர்களை முறியடிப்பதாக ஜார்ஜ் செஸ்னி எழுதிய 'தி பேட்டில் ஆஃப் டார்க்கிங்' பெரும் பரபரப்பை உண்டாக்கியது. வெல்ஸும் தன் செவ்வாய்க் கிரகத்தாரை அதே சர்ரேயில், வோக்கிங் ஊருக்குப் பக்கத்தில்தான் இறக்கினார். ஆனால் அவர் கூடுதலாக ஒன்று செய்தார். செவ்வாய்க் கிரகத்தாரைக் கொடியவர்கள் என்று தீர்ப்பளிக்கும் முன், ஐரோப்பியக் குடியேறிகள் டாஸ்மேனியப் பழங்குடிகளை ஐம்பதே ஆண்டுகளில் துடைத்தெடுத்ததை நினைத்துப் பாருங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டார். இப்படியொரு கதைக்கான பொறியே அவருடைய அண்ணன் பிராங்க்குடன் பேசிக்கொண்டிருந்தபோது விழுந்ததுதான். நூலை அவருக்கே காணிக்கையாக்கியிருக்கிறார். ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர்களின் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி செய்ததை சர்ரேயில் செவ்வாய்க் கிரகத்தாரின் வெப்பக் கதிர் செய்கிறது. ஆக, இந்த வகையின் அடியில் முதல் நாளிலிருந்தே கிடக்கும் பயம் ஒன்று உண்டு: நாம் அடுத்தவனுக்குச் செய்ததை ஒருவன் வந்து நமக்குச் செய்துவிடுவானோ என்பது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் என்ற வேறொரு வெல்ஸ் இதே கதையை அமெரிக்க வானொலியில் செய்தி அறிவிப்புகளின் பாணியில் நாடகமாக ஒலிபரப்பினார். செவ்வாய்க் கலம் இந்த முறை நியூ ஜெர்சியின் க்ரோவர்ஸ் மில்லில் விழுந்தது. நாடே தெருவுக்கு ஓடிவந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் மறுநாள் செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கியது. தங்கள் விளம்பர வருமானத்தில் கைவைத்த வானொலியைக் குட்ட அவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. ஆனால் உண்மையாகவே பயந்த சிலர் ஆய்வாளர்களிடம் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. செவ்வாய் என்று காதில் விழுந்தாலும், இது ஜெர்மானியர்களின் தாக்குதலாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த வாரங்களில் இசை நிகழ்ச்சிகளை இடைமறித்துக்கொண்டு ஐரோப்பிய நெருக்கடிச் செய்திகள் வானொலிப் பெட்டி வழியாகத்தான் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. செவ்வாய்க் கிரகத்தானும் அந்தப் பெட்டி வழியாகவே வந்தான்.

இனி 1950களுக்கு வருவோம். கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது இந்தக் காலத்தைத்தான்.

1947 ஜூனில் கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி ரெய்னியர் மலைக்கு அருகே ஒன்பது பளபளக்கும் பொருட்களைக் கண்டதாகச் சொன்ன பிறகே 'பறக்கும் தட்டு' என்ற சொல் பரவியது. அப்போது பெரும்பாலோர் அதை வேற்றுக்கிரகத்தோடு சேர்த்துப் பேசவில்லை. கண் மயக்கம் என்றார்கள், ரகசிய ஆயுதம் என்றார்கள். 1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டைச் சோதித்ததும் வானத்துக்கு ஒரு புதிய பொருள் வந்துவிட்டது. 1951இல் வெளிவந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' ஆர்க்டிக் ஆய்வு நிலையமொன்றில் நடக்கிறது. ஏன் ஆர்க்டிக்? சோவியத் குண்டுவீச்சு விமானம் அமெரிக்காவுக்கு வருவதென்றால் வட துருவத்தின் மேலாகத்தான் வரும். ஜந்து என்னவோ ரத்தம் குடிக்கும் ஒரு தாவரம். படத்தில் வரும் நிருபரே அதைக் கேரட் என்று கிண்டல் செய்கிறார். அதனுடன் பேசிப் பார்க்கலாம் என்று நம்பும் விஞ்ஞானி அடிவாங்கி விழுகிறார். வீரர்கள் அதைக் கொல்கிறார்கள். கடைசியில் அந்த நிருபர் ஒலிவாங்கியைப் பிடித்து, வானத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்று உலகத்துக்குச் சொல்கிறார். இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த ரசிகர்களுக்கு அது வெறும் வசனமாக இருந்திருக்காது. அதே ஆண்டுகளில் லட்சக்கணக்கான சாதாரண அமெரிக்கர்கள், பள்ளி மாணவர்கள் உட்பட, தொலைநோக்கியும் கையுமாகக் கூரைகளில் நின்று, ரேடாருக்குத் தப்பித் தாழப் பறந்து வரும் சோவியத் விமானங்களைத் தேடும் தன்னார்வப் பணியில் சேர்ந்திருந்தார்கள். வானத்தைப் பார்ப்பது அவர்களுக்கு வார இறுதி வேலை.

அதே 1951இல் இதற்கு நேர் எதிரான படமும் வந்தது. 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில் தட்டு வாஷிங்டன் நடுவே பகல் வெளிச்சத்தில் இறங்குகிறது. உள்ளிருந்து வரும் கிளாட்டு பரிசு ஒன்றை எடுத்து நீட்ட, பதறிய ஒரு சிப்பாய் சுட்டுவிடுகிறான். காயத்தோடு தப்பி, பெயரை மாற்றிக்கொண்டு, ஒரு வாடகை விடுதியில் தங்குகிறார் கிளாட்டு. மறுநாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பெண்மணி, அந்த ஆள் வானத்திலிருந்தெல்லாம் வரவில்லை, இந்தப் பூமியிலேயே ஓர் இடத்திலிருந்துதான் வந்திருக்கிறான், எங்கே என்று உங்களுக்கே தெரியும் என்கிற தோரணையில் பேசுகிறார். அவர் யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவர் எதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே ஆண்டு, ஒரே நாடு, ஒரே அணுகுண்டு. ஒரு படம் ரஷ்யனைக் கண்டு பயப்படுகிறது, மற்றொன்று ரஷ்யனைக் கண்டு பயப்படும் பக்கத்து வீட்டுக்காரியைக் கண்டு பயப்படுகிறது. ஒரு காலத்துக்கு ஒரு பயம்தான் உண்டு என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. எந்தக் காலத்திலும் இரண்டு தரப்பார் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தக் குழப்பம் முழுவதும் ஒரே படத்துக்குள் அடங்கியிருப்பது 1956இல் டான் சீகல் இயக்கிய 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்'. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதே கதையை ஹாலிவுட் நான்கு முறை எடுத்திருக்கிறது. கால மாற்றத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

கலிபோர்னியாவில் சாண்டா மீரா என்று ஒரு கற்பனைச் சிற்றூர். டாக்டர் மைல்ஸ் பென்னலிடம் ஒரு பெண் சொல்கிறாள்: என் ஐரா மாமா என் மாமாவே இல்லை. குரல் அதே, முகம் அதே, பழைய நினைவுகள்கூட அப்படியே இருக்கின்றன. ஆனால் என்னைப் பார்க்கும்போது அவர் கண்ணில் எப்போதும் இருக்கும் ஏதோ ஒன்று இல்லை. மனநல மருத்துவர் இதை ஊரில் பரவும் ஒரு மனப்பிராந்தி என்று ஒதுக்கிவிடுகிறார். விஷயம் என்னவென்றால், விண்ணிலிருந்து வந்த விதைகள் ராட்சத நெற்றுகளாகக் காய்த்து, தூங்கும் மனிதர்களை அப்படியே நகலெடுக்கின்றன. நகலுக்கு அன்பும் இல்லை, துக்கமும் இல்லை. படத்தில் எனக்கு மிகவும் பயம் தந்த காட்சியில் ரத்தமோ கூச்சலோ கிடையாது. ஒரு காலை நேரம், மைல்ஸ் தன் அலுவலக ஜன்னல் வழியாகக் கடைத்தெருவைப் பார்க்கிறார். மனிதர்கள் வழக்கம்போல நடமாடுகிறார்கள். பஸ்ஸில் வந்த வெளியூர்க்காரர்களை அங்கிருந்து அகற்றியதும், ஒரு சமிக்ஞை கிடைத்தாற்போல எல்லோரும் நடுத்திடலில் கூடுகிறார்கள். லாரிகளில் நெற்றுகள் வந்து இறங்குகின்றன. எந்தெந்த ஊரில் யார் யாருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டு, ரேஷன் கடை வரிசைபோல ஒழுங்காக விநியோகம் நடக்கிறது.

இது கம்யூனிஸ்ட் எதிர்ப்புப் படமா, கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்தவர்களையெல்லாம் வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்திக்கு எதிரான படமா என்று அறுபது எழுபது வருடங்களாகச் சண்டை. இரு பக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் 21 பேர் நாடு திரும்ப மறுத்துச் சீனாவுக்குப் போனது அன்று பெரிய அதிர்ச்சி. 'மூளைச் சலவை' என்ற சொல்லே அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது. பார்க்க நம் பையன்போலவே இருக்கிறான், உள்ளே வேறு ஆளாகிவிட்டான் என்ற திகிலுக்கு நெற்று மனிதன் பொருத்தமான உருவம். மறுபக்கம், கூட்டத்தோடு ஒத்துப்போகாதவனை ஊரே துரத்துவது, நண்பன் நண்பனைக் காட்டிக்கொடுப்பது, எல்லாம் உன் நன்மைக்குத்தான் என்று அதிகாரிகள் இனிமையாகப் பேசுவது ஆகியவை, கருப்புப் பட்டியல் போட்டுக் கலைஞர்களின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்த அன்றைய ஹாலிவுட்டில் அன்றாடம் நடந்தவை. மூலக்கதை எழுதிய ஜாக் ஃபின்னி, நான் வெறும் கதைதான் எழுதினேன் என்று கையை உதறிவிட்டார். சீகலோ, தான் பழகும் மனிதர்களிலேயே இப்படிப்பட்ட நெற்றுகள் நிறைய உண்டு என்ற பாணியில் பேசினார். என் கருத்து, இது அந்த ஆண்டுகளில் புறநகரங்களில் ஒரே அச்சில் எழும்பிய வீடுகளைப் பற்றிய படம். எல்லோரும் ஒரே மாதிரி ஆகிக்கொண்டிருந்தார்கள், அது சௌகரியமாகவும் இருந்தது. தூங்கினால் போதும், வலியே இல்லாமல் மாறிவிடலாம் என்பதுதான் அங்கே விழாத தாழ்ப்பாள்.

சீகல் முடித்த விதத்தில், மைல்ஸ் நெடுஞ்சாலையில் ஓடும் கார்களுக்கு நடுவே நின்று, அடுத்தது நீங்கள்தான் என்று கத்துவதோடு படம் முடிந்திருக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னும் பின்னும் மருத்துவமனைக் காட்சிகளைச் சேர்த்து, ஒரு மருத்துவர் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்குப் போன் போடுவதாக முடித்துவைத்தார்கள். 1956இன் பயத்தை அறிய அசல் முடிவு உதவுவதுபோல, 1956க்கு எது ஆறுதல் தந்தது என்பதை அறிய இந்த ஒட்டு வேலை உதவுகிறது. எஃப்.பி.ஐ. வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

1978இல் ஃபிலிப் காஃப்மன் இதே கதையை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனபோது அந்த ஆறுதல் காணாமல் போயிருந்தது. இடையில் வியட்நாம் போரும், அதிபர் நிக்சனைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் ஊழலும் நடந்துவிட்டன. கதாநாயகன் டொனால்ட் சதர்லாந்து அதிகாரிகளுக்கு உதவி கேட்டுப் போன் செய்கிறார். அவர் பெயரைச் சொல்லும் முன்பே எதிர்முனை அவர் பெயரைச் சொல்கிறது. சிற்றூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள், அங்கே ஒருவர் மாறினால் திகில். பெருநகரத்திலோ பக்கத்து வீட்டுக்காரன் முன்பு எப்படி இருந்தான் என்றே தெரியாது. மாறினாலும் யாருக்கும் உறைக்காது. சுயமுன்னேற்றப் புத்தகங்கள் எழுதும் ஒரு மனநல மருத்துவர் எல்லோருடைய சந்தேகத்தையும் தட்டிக்கொடுத்தே அடக்குகிறார். படம் டிசம்பரில் வெளியானது. அதற்கு முந்தைய மாதம், சான் பிரான்சிஸ்கோவில் தலைமையகம் வைத்திருந்த பீப்பிள்ஸ் டெம்பிள் என்ற மதக் குழுவைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்டோர் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் மாண்டார்கள். படம் அதைப் பார்த்து எடுக்கப்பட்டதல்ல, எடுத்திருக்கவும் முடியாது. ஆனால் திரையரங்குக்குள் நுழைந்தவர்கள் அதைச் சுமந்துகொண்டுதான் நுழைந்தார்கள்.

1993இல் ஏபல் ஃபெராரா அதை ஓர் ராணுவத் தளத்தில் வைத்தார். எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி நடக்கும் இடத்தில் நகல் யார், அசல் யார்? மழலையர் வகுப்பில் குழந்தைகள் எல்லோரும் தாங்கள் வரைந்த படத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒரே ஒரு பையனின் படத்தைத் தவிர எல்லாம் அச்சு அசலாக ஒரே படம். அந்த ஒரு ஷாட்டுக்காகவே படத்தைப் பார்க்கலாம். 2007இல் நிக்கோல் கிட்மன் நடித்த நான்காவது படம் தோல்வி, தோற்கவேண்டிய படமும்கூட. ஆனால் வாசல் மாறியிருப்பதைக் கவனியுங்கள்: நெற்று போய்க் கிருமி வந்துவிட்டது. சார்ஸ் வந்துபோய், பறவைக் காய்ச்சல் பயம் நிலவிய நேரம். படத்தில் ஃப்ளூ என்று பெயர் சொல்லித் தடுப்பூசி போடும் ஏற்பாடே தொற்றைப் பரப்புகிறது. கோவிட்டுக்குப் பிறகு அதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

எல்லாரும் அமெரிக்காவையே பேசுவதால் ஜப்பானைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'காட்ஸில்லா' எடுத்த இஷிரோ ஹோண்டா 1957இல் 'தி மிஸ்டீரியன்ஸ்' என்று அறியப்படும் படத்தை எடுத்தார். வருபவர்கள் பூமி முழுவதையும் கேட்கவில்லை. ஃபூஜி மலைப் பக்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆரமுள்ள நிலம் வேண்டும், பூமிப் பெண்களை மணந்துகொள்ள அனுமதி வேண்டும், அவ்வளவுதான் என்கிறார்கள். கோரிக்கையை ஜப்பானியக் காதால் கேளுங்கள். அமெரிக்க ஆக்கிரமிப்பு 1952இல் முடிந்தது, தளங்கள் மட்டும் போகவில்லை. டோக்கியோவுக்கு மேற்கே தச்சிகாவா விமானத் தளத்தை விரிவாக்க சுனகாவா விவசாயிகளின் நிலத்தை அளக்க வந்தபோது, 1955 முதல் அங்கே விவசாயிகளும் மாணவர்களும் போலீஸுடன் மோதிக்கொண்டிருந்தார்கள். 1957 ஜனவரியில், அமெரிக்கப் பயிற்சித் திடலில் காலித் தோட்டாக்களைப் பொறுக்கச் சென்ற ஒரு ஜப்பானியப் பெண்ணை அமெரிக்கச் சிப்பாய் சுட்டுக் கொன்றது நாட்டையே கொதிக்கவைத்தது. கொஞ்சம் நிலம், கொஞ்சம் பெண்கள், பதிலுக்கு நட்பு. படத்தில் வந்தவர்களின் சொந்தக் கிரகம் அணுப்போரில் அழிந்தது. அவர்கள் உடம்பில் ஸ்ட்ரான்சியம் 90 என்ற கதிரியக்கப் பொருள் ஏறியிருக்கிறது. அணுகுண்டு போட்டவனையும் அதை வாங்கியவனையும் ஒரே முகமூடிக்குள் வைத்துவிட்டார் ஹோண்டா. போரிலிருந்து திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்ணால் கண்டவர் அவர். ஜப்பான் உலக நாடுகளோடு தோளோடு தோள் நின்று பூமியைக் காப்பதாகப் படம் காட்டுவதும் ஆசையின் கணக்குத்தான். ஐ.நா. சபையில் ஜப்பானைச் சேர்த்துக்கொண்டு அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

பிரிட்டனைப் பற்றி ஒரே வரி: 1964இல் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரில் டாலெக்குகள் என்ற வேற்றுக்கிரகத்தார் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் உருண்டபோது, அந்த நாடு 1940இல் ஹிட்லர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

இனி, விமர்சகர்கள் ஏற்றிச் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். ஜான் கார்பென்டரின் 'தி திங்' 1982 ஜூனில் வெளிவந்தது. அண்டார்டிக்காவில் மாட்டிக்கொண்ட ஆண்கள் கூட்டம், யார் உடம்புக்குள் அந்த ஜந்து இருக்கிறது என்று தெரியாமல், ஒவ்வொருவரின் ரத்தத்தையும் தட்டில் எடுத்துச் சூடான கம்பியால் தொட்டுப் பார்க்கிறார்கள். எய்ட்ஸ் பற்றிய படம் என்று இதைச் சொல்லாத கட்டுரை இன்று குறைவு. ஆனால் அந்த நோய்க்கு அந்தப் பெயர் வழங்கத் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில். ரத்தப் பரிசோதனை வந்தது 1985இல். ரத்தத்தைச் சோதிக்கும் யோசனையோ, 1938இல் ஜான் கேம்ப்பெல் எழுதிய மூலக்கதையிலேயே இருக்கிறது. ஆகவே இங்கே படம் பயத்தைக் காட்டவில்லை. பின்னால் வந்த பயம், தனக்குப் பொருத்தமான வீடு காலியாக இருப்பதைப் பார்த்துக் குடியேறிக்கொண்டது. வெளியானபோது படம் ஓடவில்லை. இரண்டே வாரம் முன்னதாக வந்த 'இ.டி.'யைக் கட்டிக்கொண்டு நாடு அழுதுகொண்டிருந்தது. வேற்றுக்கிரகக் குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கும் மனநிலையில் இருந்தவர்களுக்கு, நண்பனின் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லும் படம் கசந்தது.

குடியேற்றம் விபரீதமாகவும் ஆகலாம். 1988இல் கார்பென்டரே எடுத்த 'தே லிவ்' படத்தில் ஒரு வேலையற்ற தொழிலாளி கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டதும் விளம்பரப் பலகைகளின் நிஜம் தெரிகிறது: கீழ்ப்படி, வாங்கு, கல்யாணம் செய்து பிள்ளை பெறு. டாலர் நோட்டில், இதுவே உன் கடவுள் என்று எழுதியிருக்கிறது. நல்ல உடை உடுத்திய பணக்காரர்களில் பலர் வேற்றுக்கிரகத்தார். அதிபர் ரேகன் காலத்துப் பொருளாதாரத்தின் மீதான கோபம் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. அப்படியிருந்தும் நவநாஜிகள் இதை யூதர்களைப் பற்றிய படமாக்கி இணையத்தில் பரப்ப, 2017இல் கார்பென்டரே முன்வந்து, இது கட்டுப்பாடற்ற முதலாளித்துவத்தைப் பற்றியது, அவர்கள் சொல்வது பொய் என்று மறுக்கவேண்டி வந்தது. முகமூடி எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதோ அவ்வளவு பேர் அதை எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

1996இன் 'இண்டிபெண்டன்ஸ் டே' பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சோவியத் ஒன்றியம் போய் ஐந்து வருடம், அமெரிக்காவுக்கு எதிரி கிடைக்கவில்லை, வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள். பயப் படம் என்பதைவிடத் திருவிழாப் படம். நான் பார்த்த சென்னைத் திரையரங்கில் வெள்ளை மாளிகை வெடித்ததும் விசில் பறந்தது. அந்த விசிலுக்கு அர்த்தம் என்ன என்பதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

ஐந்தே வருடத்தில் கட்டடம் இடிந்து விழும் காட்சிக்கு யாரும் கைதட்ட முடியாமல் போனது. ஸ்பீல்பெர்க் 2005இல் வெல்ஸின் கதையை மீண்டும் எடுத்தபோது, கேமரா ராணுவத் தலைமையகத்துக்குப் போகவே இல்லை. நியூ ஜெர்சித் துறைமுகத் தொழிலாளி ஒருவனின் கண் உயரத்திலேயே நிற்கிறது. முதல் தாக்குதலிலிருந்து தப்பி வீட்டுக்கு வந்த டாம் குரூஸ் கண்ணாடியில் பார்க்கிறார். முகம், முடி, சட்டை எல்லாம் சாம்பல். அது எதன் சாம்பல், யாருடைய சாம்பல் என்று அவருக்கு உறைக்கும் அந்த நொடியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் போகும்போது மகள், பயங்கரவாதிகளா என்று கேட்கிறாள். வழியில் காணாமல் போனவர்களின் புகைப்படங்கள் சுவர் முழுக்க ஒட்டப்பட்டிருக்கின்றன. நியூயார்க் அவற்றை 2001 செப்டம்பரில் பார்த்திருந்தது. வாசலும் மாறியிருக்கிறது: வெல்ஸின் கதையில் இயந்திரங்கள் வானிலிருந்து விழுந்தன, இங்கே அவை எப்போதோ நம் தெருவுக்கு அடியிலேயே புதைக்கப்பட்டு நேரத்துக்காகக் காத்திருக்கின்றன. ஆனால் அதே படத்தில் மகன் பள்ளிக்கு எழுதவேண்டிய கட்டுரை, அல்ஜீரியாவைப் பிரான்ஸ் ஆக்கிரமித்ததைப் பற்றியது. ஆக்கிரமிப்புகள் எப்போதும் தோற்கும் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. படம் வெளிவந்தபோது அமெரிக்கப் படைகள் ஈராக்கில் இருந்தன. டாஸ்மேனியாவை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

அந்தப் பழைய குற்ற உணர்வை மறைக்காமல் நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தது தென்னாப்பிரிக்காவிலிருந்து 2009இல் வந்த 'டிஸ்ட்ரிக்ட் 9'. கப்பல் ஜோஹன்னஸ்பர்க் மேலே வந்து பழுதாகி நிற்கிறது. உள்ளே படையில்லை, பசியில் துவண்ட கூட்டம் இருக்கிறது. குடிசைப் பகுதியில் அடைத்து வைக்கிறார்கள், இறால் என்று இழிவாகக் கூப்பிடுகிறார்கள். பெயரே கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை நினைவூட்டுகிறது; 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, சுமார் 60,000 பேர் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். படத்தில் விகுஸ் என்ற அதிகாரி வீடுவீடாகப் போய் வெளியேற்ற நோட்டீஸில் கையெழுத்து வாங்குகிறார். ஓர் இறால் எரிச்சலில் அட்டையைத் தட்டிவிட, அதன் கை பட்ட கறையையே கையெழுத்தாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். அரசாங்க அலுவலகம் ஏறி இறங்கிய எவருக்கும் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கும். இயக்குநர் நீல் புளோம்காம்ப் இதற்கு முன் எடுத்த குறும்படத்தில், சாலையில் போகிறவர்களிடம் ஜிம்பாப்வே, நைஜீரியாவிலிருந்து வந்தவர்களைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தார். அந்தப் பதில்களை அப்படியே வேற்றுக்கிரகத்தாரைப் பற்றிய பதில்களாகப் பயன்படுத்தினார். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2008 மே மாதம் அந்த நாட்டில் வெளிநாட்டவருக்கு எதிராக வெடித்த கலவரத்தில் 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில் சோவெட்டோவின் சியாவெலோவில் படப்பிடிப்பு நடந்தது. திரையில் வரும் குடிசைகள், மனிதர்கள் வாழ்ந்து, வேறிடத்துக்கு மாற்றப்பட்டதால் காலியான நிஜக் குடிசைகள். இத்தனை நியாயம் பேசும் படம், நைஜீரியர்களை மட்டும் பில்லிசூனியம் செய்யும் ரவுடிக் கும்பலாகக் காட்டிவிட்டது. நைஜீரிய அரசு படத்தைத் திரையிட வேண்டாம் என்று அரங்குகளிடம் சொல்லியது. அந்நியன் மீதான பயத்தைக் கண்டித்து எடுத்த படத்திலேயே அந்தப் பயம் கொல்லைப்புறமாக நுழைந்து உட்கார்ந்திருந்தது.

நம் பக்கத்தில் இந்த வகை வேரூன்றவே இல்லை, அதற்கும் காரணம் இருக்கலாம்: இங்கே படையெடுத்து வந்தவர்களைப் பற்றிப் பேச வரலாற்றுப் படமே போதுமாக இருந்தது. ககாரின் விண்வெளிக்குப் போன இரண்டே ஆண்டில், 1963இல், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்தது. அதில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருவது நிலத்துக்காகவோ ரத்தத்துக்காகவோ அல்ல. அவர்கள் கிரகத்தில் கலை இல்லை, பாட்டுச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கலையே தங்கள் பெருமை என்று மேடைதோறும் முழங்கிக்கொண்டிருந்த காலத்துத் தமிழர்களுக்கு, களவு போவதற்குத் தகுதியான சொத்து எது என்பதில் சந்தேகமே இல்லை. அறுபது வருடம் கழித்து, 2024 பொங்கலுக்கு வந்த 'அயலா'னில், விண்ணிலிருந்து வந்தவன் நண்பனாகிவிட்டான். பூமியை ஆழத் துளைத்து எரிவாயு எடுக்கத் துடிக்கும் ஒரு கம்பெனியைத் தடுக்கத்தான் அவன் வருகிறான். கதாநாயகன் விவசாயி. படம் எந்த நிஜப் போராட்டத்தையும் பெயர் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் 2017இல் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊரே பந்தலில் உட்கார்ந்திருந்ததைச் செய்திகளில் பார்த்தவர்களுக்கு, துளையிடும் இயந்திரம் எந்த வழியாக வரும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஊரின் பெயர் நெடுவாசல்.